படுத்துக்கிட்டே 144 கி.மீ.!

அமெரிக்காவோட நெவாடா பக்கம் போனா, பேட்டில் மவுன்டன் ஊரை மிஸ் பண்ணிடாதீங்க! ஊருக்கு வெளியே 305-ம் நம்பர் ரோடு, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி பாலைவனத்துக்குள்ள ஓடுது. சுமார் 1,400 மீட்டர் உயரம். அதனால காத்தும் லேசு.

படுத்தபடி மிதிக்கும் ரிகம்பென்ட் சைக்கிள்கள் மோதிக்கிட்ட இடம் இது. பல கிலோமீட்டர் மிதிச்சு வேகம் ஏத்தணும். கணக்கு கடைசி 200 மீட்டருக்குத்தான். 2013-ல் நெதர்லாந்து மாணவர்களின் 'வெலாக்ஸ் 3' தொட்டது மணிக்கு 133.78 கி.மீ. 2016-ல் கனடாவின் 'ஈட்டா' 144.17!

மோட்டாரா? மூச்! வேகம் ரெண்டு மடங்கானா, காத்தைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேணும். அதான் உடம்பையே மூடுற வழுவழு கூடு. 'ஈட்டா'வில் முன்கண்ணாடிகூட கிடையாது. கேமரா பார்த்துத்தான் ஓட்டணும். காலை ஊன முடியாததால, நிறுத்தவும் ஆள் ஓடி வந்து பிடிக்கணும்!

1934-ல் சர்வதேச சைக்கிள் சங்கம், ரிகம்பென்ட்டைப் பந்தயத்திலிருந்தே தள்ளி வெச்சது. தள்ளி வெச்சதோட வேகம் என்னன்னு சொன்ன ரோடு இது பாஸ்!