பதினொரு பேர் புறப்பட்ட கதை

கோடை விடுமுறை வந்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். குடும்பத் தலைவிக்கோ திண்டாட்டம்! ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் மலர்க் காட்சியையும் மலை ரயிலையும் பற்றி எழுதுவார்கள். நான் சொல்லப் போவது அதற்கு முந்திய பயணத்தை. வீட்டு வாசற்படியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வரை. பெரிய குடும்பத்துக்கு அதுதான் சகோதரிகளே, நிஜமான மலையேற்றம்!

எங்களுக்குக் கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி. எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா வந்துவிடும். சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளும் கம்பி ஆலைகளும் சூழ்ந்த ஊர். இங்கே பாதி வீடுகளில் சமையல், தூக்கம் எல்லாமே ஷிப்டு நேரத்தை வைத்துத்தான். என் வீட்டுக்காரருக்கும் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை.

கொழுந்தனார் குடும்பம் திருவள்ளூரில். 1997ல் பிறந்த ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டுமானால் சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டும். எங்கள் பாதை வடக்கே கூடூருக்கு. அவர்கள் பாதை மேற்கே அரக்கோணத்துக்கு. "நீலகிரி எக்ஸ்பிரஸ் எங்க ஊர் வழியாத்தானே போகுது, நாங்க அரக்கோணத்துல ஏறிக்கிறோமே" என்றார் கொழுந்தனார். ராத்திரி நேரத்தில் குழந்தைகளும் மூட்டையுமாக அவசரமாய் ஏறுவானேன்? எல்லோரும் சென்ட்ரலிலேயே கூடுவது என்று முடிவாயிற்று.

நாங்கள் மொத்தம் பதினொரு பேர். ஒரு டிக்கெட்டில் 6 பேருக்கு மேல் பதிய முடியாது. 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னதாகத்தான் முன்பதிவு. அதற்கு முன் 120 நாள் இருந்தது. நாங்கள் மூன்று டிக்கெட்டாகப் பிரித்துக் கொண்டோம். அதில் ஒன்று என் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் மட்டும். காரணம் உண்டு. 45 வயது கடந்த பெண்கள் ஒருவரோ இருவரோ தனி டிக்கெட்டில் பதிந்தால், கீழ் பெர்த்துக்கென்று இருக்கும் ஒதுக்கீட்டில் கேட்கலாம். கூட்டத்தோடு கூட்டமாகப் பதிந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. முழங்கால் வலிக்காரர்கள் உள்ள வீடுகளில் இதை நினைவில் வையுங்கள்.

இனி மூட்டை கட்டும் படலம். வெளியே அக்கினி நட்சத்திரம் கொளுத்துகிறது. நானோ பரணிலிருந்து ஸ்வெட்டரை இறக்கி, அந்துருண்டை வாசனை போக மொட்டை மாடியில் காயப் போடுகிறேன்! எதிர்வீட்டு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் கூஜாக்களைத் தேடி எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் போக இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் போனால் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் ஏற வேண்டிய வேனுக்கு அந்த வேலையைக் கொழுந்தனார் தலையில் கட்டினேன்.

புளியோதரை முதல்நாள் ராத்திரியே கிளறியாயிற்று. தயிர்சாதத்துக்குச் சாதத்தைப் பாலில் குழைத்து, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டால் ராத்திரி வரை புளிக்காது. இட்லிக்கு இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி வைத்தேன். காஸ் மூடுவது பெரியவன் பொறுப்பு, ஃப்ரிட்ஜைக் காலி செய்வது மகள் பொறுப்பு, துளசிக்குத் தண்ணீர் பக்கத்து வீடு என்று சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். ஆளுக்கொரு வேலை, எதிரே அவரவர் பெயர். "எல்லாம் அம்மா பாத்துப்பாங்க" என்ற பேச்சுக்கே இடம் கிடையாது!

புறப்படும் நாள். வீட்டுக்காரருக்கு மத்தியானம் 2 மணிக்கு ஷிப்டு முடிய வேண்டும். 2 மணிக்குப் போன் வருகிறது: "மாத்து ஆள் இன்னும் வரல. நீங்க முன்னாடி கிளம்புங்க, நான் அடுத்த வண்டியில வந்துடறேன்." எங்கள் பாதையில், அரக்கோணம் பாதை மாதிரி அடிக்கடி லோக்கல் கிடையாது. எக்ஸ்பிரஸ், கூட்ஸ் எல்லாம் இதே தண்டவாளத்தில்தான். அவற்றுக்கு வழிவிட்டு லோக்கல் வழியில் நின்றுவிடுவதும் உண்டு.

மூட்டைகளை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினால், அத்தை பழைய புடவையோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நான் வர்ல கண்ணு. நீங்க போய்ட்டு வாங்க. யாராச்சும் வீட்டப் பாத்துக்க வேணாமா?"

எனக்குப் பகீரென்றது. இரண்டு மாதமாகப் பேரப்பிள்ளைகளிடம் ஊட்டிக் கதை கேட்டுக் கொண்டிருந்தவர்கள்! ஆட்டோ வந்து ஹாரன் அடிக்கிறது. கடைக்குட்டி "ஆயா வா, ஆயா வா" என்று இழுக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதடு வறண்டு கிடந்தது. "அத்தை, காலையிலிருந்து தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்கள்: "லோக்கல் வண்டியில பாத்ரூம் இல்லியே. நடுவுல எங்கியாச்சும் நிறுத்திட்டா நான் என்ன பண்ணுவேன்? உங்களுக்குத்தான் தொல்லை."

அத்தைக்கு வயது 72. சர்க்கரை உண்டு. அந்த வெயிலில் வாய் நனைக்காமல் உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான். நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் இதே பயத்தில் பயண நாளில் தண்ணீரைத் தள்ளிவைக்கிறோம்! சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் நீர்க்கடுப்புக்கும் தொற்றுக்கும் வழி. சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஆட்டோவைக் காத்திருக்கச் சொன்னேன். அத்தைக்கு உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர். "இந்த வண்டி போனாப் போகட்டும். எக்ஸ்பிரஸ் ராத்திரி ஒம்பது மணிக்கு மேலதான். நிதானமா பாத்ரூம் போயிட்டு வாங்க, அடுத்த லோக்கல்ல போகலாம். சென்ட்ரல்ல இறங்கினதும் முதல் வேலை வெயிட்டிங் ரூம்தான்" என்றேன். முன்கூட்டியே கிளம்ப வைத்துக்கொண்ட நேரம் இதற்குத்தான் உதவியது. அத்தை எழுந்து பட்டுக்கரைப் புடவையை மாற்றிக்கொண்டார்கள்.

அதில் இன்னொரு நன்மை! அடுத்த லோக்கலுக்குள் வீட்டுக்காரரும் யூனிபாரத்தோடு ஓடிவந்து சேர்ந்துவிட்டார். சட்டை மாற்றியதே ரயிலில்தான். கவரப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வந்தது. ஆரணியாற்றில் மே மாதத்தில் மணல்தான். அத்திப்பட்டில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், எண்ணூரில் உப்பங்கழிக் காற்று. "இந்தக் காத்தே எனக்கு ஊட்டி" என்று சிரித்தார்கள் அத்தை. 48 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேலேயே ஆயிற்று. ஆனாலும் யார் முகத்திலும் பதற்றம் இல்லை.

சென்ட்ரலில் திருவள்ளூர்க்காரர்கள் எங்களுக்கு முன்பே ஆஜர். தலையை எண்ணினோம், பதினொன்று சரியாக இருந்தது.

புறப்படப் போகும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. மாத்திரைகளைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். சர்க்கரை மாத்திரை போட்டபின் சாப்பாடு தாமதமானால் மயக்கம் வரலாம்; நாலு பிஸ்கட்டும் கொஞ்சம் சர்க்கரையும் கூடவே இருக்கட்டும். புறப்படும் அவசரத்தில் அழும் குழந்தையைக் கவனிக்க எல்லோரும் இருப்பார்கள். சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, "என்ன பயம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் திருவள்ளூரைத் தாண்டும்போது கொழுந்தனார் பிள்ளைகள் "எங்க ஊரு! எங்க ஊரு!" என்று கத்தினார்கள். கீழ் பெர்த்தில் படுத்திருந்த அத்தை கையை நீட்டினார்கள்.

"அந்தக் கூஜாவ இப்படிக் குடு கண்ணு. தாகமா இருக்கு."