அரை மில்லி சிறுநீர் போதும்!

"எம்.எஸ்ஸி. படிச்சிட்டு மூத்திரம் பார்க்கிற வேலையாடி உனக்கு?"

குறிஞ்சிப்பாடிக்குப் போகும்போதெல்லாம் என் அத்தை கேட்கும் கேள்வி இது. கைலி நெய்கிற குடும்பம் எங்களுடையது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய அத்தை கேட்டால், தெருவுக்கே கேட்கும்!

உண்மையில் இது பழைய வேலைதான். சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாகப் பரவுகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்து வாதம், பித்தம், கபம் சொன்னார்கள் நம் சித்த வைத்தியர்கள். 'நெய்க்குறி' என்று அதற்குப் பெயர். நான் எண்ணெய்க்குப் பதில் காந்தம் வைத்துப் பார்க்கிறேன்.

என்.எம்.ஆர். என்கிற அந்தக் கருவி, ஸ்கேன் சென்டரில் இருக்கும் எம்.ஆர்.ஐ.க்கு அண்ணன் முறை. பார்க்கப் பெரிய பால் டேங்க் மாதிரி இருக்கும். உள்ளே, மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் மூழ்கிய காந்தம். மெல்லிய கண்ணாடிக் குழாயில் அரை மில்லி சிறுநீரை இறக்கி, ரேடியோ அலையைச் செலுத்துவோம். அதில் கரைந்திருக்கும் ஒவ்வொரு பொருளின் ஹைட்ரஜனும் தனக்கே உரிய இடத்தில் பதில் கொடுக்கும். திரையில் கோடு கோடாக எழும். 2013-ல் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த முறையில் மட்டுமே மனிதச் சிறுநீரில் 209 பொருட்களை அளந்து காட்டினார்கள்.

நேற்று கடல் மீன் சாப்பிட்டீர்களா? ட்ரைமெத்தில் அமீன் ஆக்ஸைடு உயர்ந்து நிற்கும். காபி குடித்தீர்களா? ட்ரைகோனெல்லின் காட்டிக்கொடுக்கும். தலைவலிக்குப் போட்ட பாராசிட்டமாலின் மிச்சமும் தெரியும். அதனால்தான் முதல் நாள் சாப்பாட்டை முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்வோம்.

நான் இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் வேறு. எங்கள் சொந்தத்தில் மாமன் மகளைக் கட்டிய அண்ணன் ஒருவருக்குப் பிறந்த முதல் குழந்தை, ஒன்பதாம் நாள் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. நன்றாகப் பால் குடித்த பிள்ளை, நாலாம் நாளிலிருந்து மார்பில் வாய் வைக்கவில்லை, துவண்டது. 'தாய்ப்பால் ஒத்துக்கலை', 'தோஷம்' என்று ஊர் பேசியதை எல்லாம் அண்ணிதான் சுமந்தார். காரணம் கடைசிவரை தெரியவில்லை.

சில குழந்தைகளுக்குப் புரதத்தைச் சிதைக்கும் என்சைம் ஒன்று பிறவியிலேயே வேலை செய்யாது. பாதியில் நின்ற பொருட்கள் ரத்தத்தில் சேர்ந்து மூளையைத் தாக்கும். 'மேப்பிள் சிரப்' நோய் அப்படி ஒன்று. சிறுநீர் சர்க்கரைப் பாகு போல மணக்கும். பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய். சொந்தத்தில் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. ஆக, குற்றம் தாயினுடையதும் இல்லை, தாய்ப்பாலினுடையதும் இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால், அதற்கென உள்ள பால் பவுடரும் உணவுமுறையும் பல பிள்ளைகளைக் காப்பாற்றுகின்றன.

என்.எம்.ஆர். தெருமுனை லேபில் கிடைக்காது. மிகச் சிறிய அளவில் இருப்பவை அதன் கண்ணுக்குத் தப்பும். பச்சிளங்குழந்தையின் குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பார்ப்பதே முதல் வழி. ஆனால், எதைத் தேடுவது என்றே தெரியாத நேரத்தில், பல பொருட்களை ஒரே முறையில் காட்டுவது என்.எம்.ஆரின் பலம்.

சொந்தத்தில் திருமணம் செய்தவர்களும், ஒரு குழந்தையைக் காரணம் தெரியாமல் இழந்தவர்களும் அடுத்த பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பிறந்த குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டாலோ, சிறுநீரில் புது வாடை வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருமகளைக் குறை சொல்வதற்கு முன், "ரத்தமும் சிறுநீரும் டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள்.