சின்னக் கொடுவாவில் சினை ஏது?

வடக்குப்பட்டில் என் அண்ணன் குடியிருக்கிறான். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் உத்தியோகம். சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது, ஞாயிறு காலை வாசலுக்கு வந்த மீன்காரக் கிழவியிடம் அண்ணி ஒரு கிலோ கொடுவாவைக் காட்டி, "இதிலே சினை இருக்குமா, ஆயா?" என்று கேட்டாள்.

"சின்னக் கொடுவாவிலே சினை ஏதும்மா? அது ஆம்பளை!" என்று ஒரே போடாகப் போட்டாள் கிழவி.

அண்ணி சிரித்துவிட்டாள். விஞ்ஞானிகளைக் கேட்டால், "ஆண், அல்லது இன்னும் பருவமடையாதது" என்று திருத்துவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்!

கொடுவா மூன்று, நான்கு வயதில் ஆணாகத்தான் பருவமடைகிறது. சில காலம் தந்தையாக இருந்துவிட்டு, ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் பெரும்பாலும் பெண்ணாக மாறிவிடுகிறது. நன்றாகப் பெருத்த தாய் மீன் கோடிக் கணக்கில் முட்டையிடும். ஆற்றிலும் கழியிலும் வளர்ந்தாலும் பிரசவத்துக்கு உப்பு நீர் வேண்டும். ஆகவே கழிமுகத்துக்கு வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அந்தி வேளையில், நீர் ஏறும் சமயம் பார்த்து முட்டையிடுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள்கூட இவ்வளவு நாள் பார்ப்பார்களா என்பது சந்தேகமே! ஒரு நாளைக்குள் முட்டை பொரிந்துவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் அதை மன்னிக்க முடியாது. இறால், மீன் எதுவானாலும் மெல்லாமல் முழுசாக விழுங்கும். குஞ்சாக இருக்கும்போதே, தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள உடன்பிறப்பையும் தின்றுவிடும். பொரிப்பகங்களில் சில நாளைக்கு ஒரு முறை குஞ்சுகளை அளவு பார்த்துப் பிரித்து வைப்பது இதனால்தான். நம் முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1997-ல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள்.

அதற்கு அவசியம் இருந்தது. கழிமுகத்தில் பெரிய மீன்களை வாரினால் போவதெல்லாம் தாய்கள். சின்னதை வாரினால் நாளைக்குத் தாயாக வேண்டியவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறதே என்பீர்கள். அது விசைப்படகுகளுக்கு, கழிமுகத்துச் சிறு வலைகளை அது கட்டுப்படுத்தாது.

பண்ணைக் கொடுவா பருவமடையும் முன்பே கடைக்கு வந்துவிடுகிறது. கடலில் ஒரு தாய் குறைவதில்லை. குழம்புக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன். ருசி மட்டு என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. புளியும் மிளகாயும் சேர்ந்து கொதித்த பிறகு எனக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.