கட்டத் தொடங்குமுன் ஒரு கணக்கு



கோபுரம் கட்ட விரும்புகிற மனிதனைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் உள்ள அந்த மனிதன் கல்லை எடுக்குமுன் கணக்கை எடுக்க வேண்டியவனாக இருக்கிறான். அந்தக் கணக்கை இந்த வாரம் ஒரு கம்ப்யூட்டரை முன்வைத்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

நமது சபையின் வாலிபர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் மாதம் 5,000 ரூபாய் ஒதுக்கி, 60,000 ரூபாய் சேர்த்திருந்தார். விளையாட்டுகளுக்கென்று ஒரு கம்ப்யூட்டரைத் தம் கையாலேயே பொருத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தங்கையின் கல்லூரிக் கட்டணம் அவருடைய சம்பளத்தையே நம்பியிருந்தது. ஆகையால் அந்தத் தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கூட்ட வழியில்லை. “ஐயா, அம்மா இதை வீண் செலவு என்கிறார்கள். இந்தப் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள்” என்று ஒரு தாளை நீட்டினார். சபை அலுவலகக் கம்ப்யூட்டரைப் பல ஆண்டுகளாகத் திறந்து பழுது பார்த்து வருகிறவன் என்பதால் என்னிடம் வந்திருந்தார்.

பட்டியலில் மின்னும் விளக்குகள் பொருத்திய கண்ணாடிக் கேபினெட் இருந்தது. பணத்தில் பாதிக்கு மேல் விழுங்கும் கிராபிக்ஸ் கார்டு இருந்தது. பவர் சப்ளைக்கு எதிரே மட்டும், கேபினெட்டோடு சேர்ந்து வரும் என்று எழுதியிருந்தார்.

நான் முதலில் கேட்டது, “வீட்டில் உள்ள மானிட்டர் எது?” என்பதே. அது 1920-க்கு 1080 அளவுள்ள பழைய மானிட்டர். நொடிக்கு 60 படங்களைக் காட்டும். அதில் இருப்பவை ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையிலோ சுமார் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு. நான்கு மடங்கு வேலைக்கென்று செய்யப்பட்ட கார்டை இந்தத் திரைக்கு வாங்கினால், அதன் ஆற்றலில் பெரும்பகுதி பயனற்றே கிடக்கும். தேவையை அறியாமல் விலையை ஒப்பிடுவதில் பயனில்லை, அன்பானவர்களே. என்ன விளையாட்டு, எந்தத் திரை என்பது தெளிவான பின்புதான் கணக்கு தொடங்குகிறது.

விளையாட்டுக் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டுக்கே பெரும்பங்கு போக வேண்டும் என்பது உண்மை. ஆயினும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை என்பது நல்ல வரம்பு. 8 ஜிபி நினைவகமுள்ள ஆர்எக்ஸ் 6600 கார்டும், ஆறு கோர்கள் கொண்ட ரைசன் 5 5600 பிராசசரும் அவருடைய திரைக்குப் போதுமென்று தீர்மானித்தோம். இந்தப் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது; தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. எனவே, கார்டைப் பிறகு வாங்கலாம் என்று எண்ணுகிறவர்கள் இதை முன்னமே கவனிக்க வேண்டும்.

அடுத்தது பொருத்தம். இந்தப் பிராசசர் ஏஎம்4 சாக்கெட்டில் மட்டுமே அமரும். ஏஎம்5 மதர்போர்டில் அமராது. ஏஎம்4-க்கு டிடிஆர்4 ரேம், ஏஎம்5-க்கு டிடிஆர்5. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருக முடியாது. பழைய பி450 போர்டானால் அதன் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே கேட்க வேண்டும். இல்லையேல் அது இந்தப் பிராசசரை அடையாளம் காணாது. 16 ஜிபி ரேமை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்கினால் இரு பாதைகளில் தரவு செல்லும், வேகம் கூடும்.

இறுதியாகப் பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி ஒவ்வொரு உறுப்புக்கும் பகிர்ந்தளிப்பது இதுவே. இதனால் விளையாட்டின் வேகம் கூடாது. பார்ப்பவர் கண்ணிலும் படாது. ஆனால் தரமற்றது பழுதானால், தன்னோடு மதர்போர்டையும் கார்டையும் கெடுத்துவிடக் கூடும். அந்தக் கார்டுக்கும் பிராசசருக்கும் சேர்த்துச் சுமார் 200 வாட் போதும். ஆகவே நல்ல நிறுவனத்தின் 550 வாட் தாராளம். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டுமே காட்டும், பாதுகாப்பை அளக்காது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதையும் பாருங்கள்.

பெரிய கார்டையும் விளக்குகளையும் விட்டதில் மிஞ்சிய பணம், நல்ல பவர் சப்ளைக்கும் 1 டிபி எஸ்எஸ்டிக்கும் போதுமானதாயிற்று. சென்னை ரிச்சி தெருவில் நான்கு கடைகளில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தே விலை கேட்டு, பில்லோடு வாங்கினார். ஒரு ஞாயிறு மாலை அவர் பொருத்துவதை அவருடைய தாயார் அருகிருந்து பார்த்தார். “இவ்வளவு யோசித்தா வாங்கினாய்?” என்பதே அவர் கேட்ட ஒரே கேள்வி.

பெற்றோரே, விளையாட்டு எவ்வளவு நேரம் என்பதை நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தப் பேச்சுக்கு முன், பிள்ளையோடு அமர்ந்து அவனுடைய பட்டியலைப் படியுங்கள். வாலிபரே, உழைத்துச் சேர்த்த பணத்துக்கு நீங்கள் உக்கிராணக்காரர். கடைக்காரர் கேட்குமுன் உங்கள் தேவையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இந்த வாரம் உங்கள் வீட்டில் வரவிருக்கும் பெரிய செலவு எதுவானாலும், ஒரு தாளை எடுத்து, கண்ணில் படாத உறுப்பு எதுவென்று முதலில் தேடி, அதற்குரிய பங்கை முதலாவது ஒதுக்கி வையுங்கள்.