வலப்பக்கம் போகும் சாலை

அயல்நாட்டில் குடியேறியவர் எப்போது அந்நாட்டில் வாழத் தொடங்குகிறார் என்று கேட்டால், வேலை கிடைத்த நாள், வீடு அமைந்த நாள், குடியுரிமை பெற்ற நாள் என்று ஒவ்வொருவரும் ஒரு விடை சொல்வர். அச்சமின்றி வண்டி ஓட்டத் தொடங்கிய நாள் என்பது எங்கள் விடை. சிறிய காரியத்தைப் பெரிதாக்குவதாகத் தோன்றலாம். ஆனால் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு குளிர்காலத்தைக் கார் இல்லாமல் கழித்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள்.

ஸ்கார்பரோ இரண்டாம் உலகப்போருக்குப் பின் காரை நம்பி வளர்ந்த புறநகர். ஆறு வழிச் சாலைகள், அவற்றின் ஓரங்களில் பரந்த வாகன நிறுத்தங்களுக்கு அப்பால் கடைகள், ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் இடையே காலை ஓயச் செய்யும் தூரம். பேருந்து உண்டு. ஆனால் சுழியத்துக்குக் கீழே பதினைந்து பாகையில், கையில் அரிசி மூட்டையோடு பேருந்துக்குக் காத்து நிற்பது வேறொரு கல்வி. 2018 ஆகஸ்டில் நாங்கள் வந்திறங்கினோம். அவ்வாண்டு முடிவதற்குள், எங்கே போவதானாலும் யாரையாவது கேட்டே போக வேண்டும் என்னும் நிலை எங்களைச் சிறுபிள்ளைகள் ஆக்கியிருந்தது. எங்களில் ஒருவர் கல்லூரியில் இருபது ஆண்டு தமிழ் கற்பித்தவர். மற்றவர் மதுரையில் ஓர் அலுவலகத்தை நடத்தியவர். இங்கே இருவரும் பக்கத்து வீட்டாரின் கார் எந்நேரம் புறப்படும் என்று சன்னல் வழியே பார்த்திருந்தோம்.

இருவருக்கும் தொடக்கம் ஒன்றாக இல்லை. மதுரைக்காரர் அங்கே பதினோராண்டு மாருதி ஓட்டியவர். தமிழாசிரியரோ இருசக்கர வண்டிக்கு மேல் எதையும் தொட்டவரல்லர். ஒருவர் மறக்க வேண்டியிருந்தது. மற்றவர் கற்க வேண்டியிருந்தது. மறத்தலே கடினம் என்பது பின்னர் தெரிந்தது.

ஒன்டாரியோ மாகாணத்தில் 1994 முதல் படிப்படியாக உரிமம் வழங்கும் முறை நடப்பிலுள்ளது. முதற்படி ஜி1. கண் பரிசோதனையும் நாற்பது வினாக்கள் கொண்ட அறிவுத்தேர்வும் உண்டு. சாலைக் குறிகளில் இருபது, விதிகளில் இருபது. ஒவ்வொன்றிலும் பதினாறு சரியாக வேண்டும். ஜி1 உடையவர் நான்காண்டு அனுபவமுள்ள ஒருவரை அருகில் இருத்தியே ஓட்டலாம். நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை ஓட்டலாகாது. பயிற்றுநர் உடனிருந்தாலன்றிப் பெருநெடுஞ்சாலைகளில் ஏறலாகாது. ஓராண்டு காத்திருந்து ஜி2 தேர்வுக்குப் போகலாம். அங்கீகாரம் பெற்ற பயிற்சி முடித்தவருக்கு எட்டு மாதம் போதும். ஊரில் ஓட்டிய அனுபவத்துக்கு முறையான சான்று கொண்டுவந்தால் காத்திருப்பு குறையும். ஆனால் இந்திய உரிமம் வைத்திருப்பவர் தேர்வுகளை எழுதியும் ஓட்டியும் காட்டியே ஆக வேண்டும்.

அறிவுத்தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்றறிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமன்று. வேடிக்கை என்னவெனில், கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்தவர் தமிழில் எழுதினார்; தமிழாசிரியர் ஆங்கிலத்தில் எழுதினார். சாலையில் நிற்கும் பலகைகள் ஆங்கிலத்தில்தான் பேசும், ‘யீல்ட்’ என்ற சொல்லைக் கண்டதும் மொழிபெயர்த்துக்கொண்டிராமல் கால் தானே பிரேக்குக்குப் போக வேண்டும் என்பது அவருடைய வாதம். இருவரும் தேறினோம்.

இனி வலப்பக்கம். இந்தியாவிலும் இலங்கையிலும் இடப்பக்கம் செல்லும் போக்குவரத்து இங்கே வலப்பக்கம் செல்கிறது. ஓட்டுநர் இருக்கை இடப்புறம் வந்துவிடுகிறது. வலம் என்ற சொல்லுக்குத் தமிழில் வெற்றி, வலிமை என்னும் பொருள்களும் உண்டு என்று தமிழாசிரியர் ஆறுதல் சொன்னார். ஆனால் உடம்பு சொற்பொருளை அறியாது. ஊரில் மாருதி போன்ற கார்களில் ஸ்டியரிங்கின் வலப்புறம் இருக்கும் சிக்னல் தண்டு இங்கே இடப்புறம் இருக்கிறது. வலப்புறம் இருப்பது கண்ணாடித் துடைப்பானுக்குரியது. மழையில்லாத நாளில் ஒரு சந்திப்பில் துடைப்பான் ஆடக் கண்டால், நம் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர் ஒருவர் திரும்பப் போகிறார் என்று அறியலாம்.

இந்த மாற்றத்தை ஒரு நாடே ஒரே நாளில் செய்ததுண்டு. ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3 அன்று விடியற்காலையில் இடத்திலிருந்து வலத்துக்கு மாறியது. கனடாவிலும் சில மாகாணங்கள் முன்பு இடப்பக்கம் சென்றவையே. நோவா ஸ்கோஷியா 1923இல் மாறியது. அப்போது கனடாவோடு சேர்ந்திராத நியூஃபவுண்ட்லாந்து 1947இல் மாறியது. நோவா ஸ்கோஷியாவின் லூனன்பர்க் பகுதியில் இடப்பக்கம் நடந்து பழகிய வண்டி எருதுகளை மறுபடி பழக்க முடியாமல் இறைச்சிக்கு விற்றார்கள் என்றும், அவ்வாண்டு மாட்டிறைச்சி விலை சரிந்தது என்றும் சொல்வர். பழக்கத்தை மாற்ற இயலாதவற்றுக்கு நேர்ந்த கதி அது. மதுரைக்காரர் இதைக் கேட்டபின் இன்னும் ஊன்றிப் பயின்றார்.

எங்கள் பயிற்றுநர் யாழ்ப்பாணத்தவர். பத்தொன்பது வயதில் போருக்குத் தப்பி வந்தவர், எங்கள் வயதொத்தவர். எங்களில் ஒருவரை ‘ரீச்சர்’ என்றும் மற்றவரை ‘அண்ணை’ என்றும் அழைப்பார். அவரிடம் கற்றவற்றுள் முதன்மையானது ஹார்னை மறப்பது. நம்மூரில் ஹார்ன் ஒரு பேச்சு. ‘வருகிறேன்’, ‘இருக்கிறேன்’, ‘கடந்துகொள்ளட்டுமா’ என்பவையெல்லாம் அதில் அடங்கும். இங்கே அது பெரும்பாலும் வசைச்சொல். அகநானூற்றின் நான்காம் பாடலில், மலரில் தேனுண்ணும் வண்டுகள் வெருளக்கூடாதென்று தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான் தலைவன். அதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியவருக்கு, ஒலியின்றிச் செல்லும் வண்டிக்குள் அமர்ந்தபோதுதான் அதன் இன்னொரு பக்கம் புலப்பட்டது. மணி ஒலிக்காத தேரைச் செலுத்துபவன் இருமடங்கு விழிப்போடு இருக்க வேண்டும். ஓசை செய்து பிறரை விலகச் சொல்ல முடியாதவன், பிறரைத் தானே பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

இரண்டாவது பாடம் நாற்புறமும் நிறுத்தற்பலகை கொண்ட சந்திப்பு. விளக்கு இல்லை, காவலர் இல்லை. நான்கு திசையிலிருந்து வரும் வண்டிகளும் முற்றாக நின்றாக வேண்டும். முதலில் வந்தவர் முதலில் போவார். இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்புறத்தவருக்கு முன்னுரிமை. அங்கே எங்கள் இருவருக்கும் இயல்பாக வந்தது மரியாதை. கையை அசைத்து, ‘நீங்கள் போங்கள்’ என்று காத்திருப்பது பண்பாடு என்றே நினைக்க வளர்க்கப்பட்டவர்கள் நாம். பயிற்றுநர் அதை ஏற்கவில்லை. “உங்கடை முறை வந்தாப் போங்கோ ரீச்சர். நீங்கள் மரியாதைக்கு நிண்டா மற்றவை குழம்பிப் போவினம். ஒருத்தரும் உங்களிட்டை மரியாதை கேக்கேல்லை. நீங்கள் என்ன செய்யப் போறீங்கள் எண்டு தெரிஞ்சாக் காணும்” என்றார்.

வண்டி ஓட்டுவது பற்றி நாங்கள் கேட்டவற்றில் இதைவிடப் பயனுள்ள வாக்கியம் வேறில்லை. துணிவு என்றால் விரைவு என்றும், நெரிசலில் நுழையும் சாமர்த்தியம் என்றும் எண்ணுவது நம்மூர் வழக்கம். அங்கே ஒருவர் மற்றவரின் கண்ணைப் பார்த்து, முன்சக்கரத்தின் சாய்வைப் பார்த்து, நொடிக்கு நொடி பேசித் தீர்த்துக்கொண்டே போகிறார். அதுவும் ஒரு திறமையே. அதை இகழ எங்களுக்கு மனமில்லை. இங்கே அந்தப் பேரம் முன்னமே முடிந்துவிட்டது. முகம் தெரியாத ஆயிரம் பேர் ஒரே உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பள்ளிப் பேருந்தின் சிவப்பு விளக்குகள் மின்னத் தொடங்கினால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் இருபுறமும் வண்டிகள் நின்றுவிடுகின்றன. இறங்கும் குழந்தையை அவர்களில் யாரும் அறியார். புதிதாக வருபவரின் அச்சம் தன் கையின் திறமையைப் பற்றியதன்று. முன்பின் அறியாத இத்தனை பேரும் சொன்ன சொல் காப்பார்களா என்பதே. அவர்களை நம்பவும் அவர்கள் நம்மை நம்பத் தகுந்தவாறு நடக்கவும் பழகுவதற்குத்தான் அத்தனை மாதம் ஆகிறது.

நம்பிக்கைக்குக் கடைசித் தேர்வு 401 நெடுஞ்சாலை. டொராண்டோவின் குறுக்கே ஓடும் இது வட அமெரிக்காவின் மிக நெரிசலான சாலைகளுள் ஒன்று. விமான நிலையத்தை ஒட்டிப் பதினெட்டு வழிகள்வரை விரிகிறது. நகருக்குள் பெரும்பகுதியில் ஒவ்வொரு திசையிலும் இரண்டு பிரிவு. ஏறுவோரும் இறங்குவோரும் கலக்கும் வெளிப்பிரிவு ஒன்று. நெடுந்தொலைவு செல்வோருக்கான உட்பிரிவு மற்றொன்று. அதன் நுழைவுச் சரிவில் வேகத்தைக் குறைக்கவே மனம் சொல்லும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் பாயும் வரிசைக்குள் ஐம்பதில் நுழைவதுதான் ஆபத்து என்பதை அறிவு ஒப்புக்கொண்டாலும் பாதம் ஒப்புக்கொள்ளாது. “அவையின்ரை வேகத்தை நீங்களும் எடுங்கோ. கண்ணாடியைப் பாருங்கோ, தோளுக்கு மேலாலையும் ஒருக்காப் பாருங்கோ, பிறகு ஏறுங்கோ. கெஞ்சிக்கொண்டு ஏற ஏலாது.” 2019 ஜூனில் ஒரு ஞாயிறு காலை, வெளிப்பிரிவின் வலக்கோடி வழியில் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கினோம். மூன்றாம் முறை, பின்னால் வந்த ஒரு பெரிய லாரி எங்களுக்கு இடம் விட்டு இடப்புறம் ஒதுங்கியது. அந்த ஓட்டுநரின் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை.

பனி இவையனைத்தையும் மீண்டும் ஒருமுறை கற்பித்தது. ஏழு பாகைக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பிழக்கும் என்பதால் குளிர்கால டயர்களை மாட்டினோம். ஒன்டாரியோவில் அது கட்டாயமன்று. ஆனால் 2016 முதல் அவற்றுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. முன்வண்டிக்கும் நமக்கும் இடையே இருமடங்கு தூரம் விட வேண்டும். சறுக்கினால் மோதவிருக்கும் கம்பத்தைப் பாராமல், போக வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும். கண் போன திசையில் கை போகும், கை போன திசையில் வண்டி போகும்.

2020 சனவரியில் ஓரிரவு, மூன்று மணிக்கு எங்களில் ஒருவருக்குக் கல்லடைப்பு வலி வந்தது. முந்தைய குளிர்காலத்திலும் இதே வலி இதே நேரத்தில் வந்திருந்தது. அன்று பக்கத்து வீட்டாரின் கதவைத் தட்டினோம். அவர் முகம் சுளிக்காமல் உடையைக்கூட மாற்றாமல் அழைத்துப் போனார். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆயினும் வலியோடு துடிப்பவரைத் தாங்கிக்கொண்டு பிறர் வாசலில் நின்ற அந்த இரண்டு நிமிடங்கள் வலியினும் கனமாக இருந்தன. இம்முறை மதுரைக்காரர் பின்னிருக்கையில் சுருண்டு கிடந்தார். தமிழாசிரியர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மருத்துவமனை எட்டுக் கிலோமீட்டர். பனி விழுந்துகொண்டிருந்தது, ஒதுக்கும் வண்டிகள் இன்னும் வரவில்லை, வழிக்கோடுகள் மறைந்திருந்தன. சிவப்பு விளக்கு எரிந்த ஒரு சந்திப்பில், நான்கு புறமும் ஓர் உயிர் இல்லாத சாலையில், பச்சை வரும்வரை நின்றோம். பின்னிருக்கையிலிருந்து முனகல் கேட்டது. போய்விடலாம் என்று இருவருக்குமே தோன்றியது. அப்போது இடப்புறத்திலிருந்து உப்புத் தூவும் லாரி ஒன்று, தனக்குரிய பச்சையை நம்பி, வேகம் குறைக்காமல் எங்கள் முன்னால் கடந்து சென்றது. அதன்பின் எங்களுக்குப் பச்சை வந்தது. அது தூவிச் சென்ற உப்பின் மேல் வண்டியைத் திருப்பினோம்.

வலி இரண்டு நாளில் தீர்ந்தது. அவ்விரவைப் பற்றி எங்களுக்குள் பிறகு அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மருத்துவமனையிலிருந்து விடியற்காலையில் திரும்புகையில் ஒன்று நடந்தது. பதினோராண்டு ஓட்டியவர், பிறர் ஓட்டும் வண்டியில் வலக்காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருபவர், அன்று முன்னிருக்கையில் அமர்ந்து இரண்டாவது சந்திப்பு வருவதற்குள் தூங்கிப்போனார். மருந்தின் மயக்கம் என்றார் பின்னர். தமிழாசிரியர் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.