அலையைப் பந்தி வைப்பது யார்?

வானொலி அறிவிப்பாளருக்கு ஒரு சுகம் உண்டு. பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் எங்கள் அலைவரிசைக்கு ஒரே சுமைதான். ஒரு நேயர் கூடினால் இன்னொருவருக்குக் குறையாது. கைப்பேசி அப்படியல்ல. ஒரு கோபுரத்துக்குக் கிடைத்த அலைக்கற்றையை அங்கிருப்போர் பங்குபோட வேண்டும். பந்தியில் ஆள் கூடக் கூட இலையில் விழுவது குறையும்.

தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். கைப்பேசியில் கோடுகள் நிறைய இருக்கும். ஒரு படம்கூடத் திறக்காது. சென்ற முறை நேரலைக்குப் போனபோது, கூட்டத்தில் பேரனைத் தவறவிட்ட பாட்டி ஒருவர் என்னிடம் ஓடி வந்தார். மருமகள் பையனின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். காவலரிடம் காட்ட வேண்டும். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஓர் இளைஞர் காவடியாட்டத்தை வீடியோ அழைப்பில் யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? கடைசியில் பையனைச் சேர்த்துவைத்தது ஒலிபெருக்கி அறிவிப்புதான்.

யாருக்கு முதலில் என்பதைக் கோபுரம் எப்படித் தீர்மானிக்கிறது? அலை நன்றாகக் கிடைப்பவருக்கே கொடுத்தால் மொத்த வேகம் கூடும். பாறை மறைவில் நிற்பவர் பட்டினி. எல்லாருக்கும் ஒரே வேகம் என்றால், அந்த ஒருவருக்காகவே நேரமெல்லாம் கரையும். 1997இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் பிராங்க் கெல்லி விளக்கிய 'விகிதாசார நியாயம்' ஒரு நடுவழி. அந்த வழியில் போகும் 4ஜி கோபுரம் மில்லி விநாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும்: இதுவரை குறைவாகப் பெற்றவர் யார்? இப்போது யாருக்கு அலை வழக்கத்தைவிட நன்றாக இருக்கிறது?

நான் படித்தது ஊடகத்துறை. அந்தச் சூத்திரத்தைவிட ஆண்டெனாதான் எனக்கு வியப்பு. 5ஜி கோபுரத்தின் ஒரு பலகைக்குள் பல சிறு ஆண்டெனாக்கள் இருக்கும். அவற்றின் அலைகள் புறப்படும் கணத்தைச் சற்றே முன்பின் மாற்றினால், பலகை அசையாமலே அலை வேண்டிய பக்கம் குவியும். 272 படிகளில் ஏறும் கூட்டத்துக்கும் ரயில் நிலையக் கூட்டத்துக்கும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் தனித்தனியாக அனுப்பலாம். நேற்றுவரை மோசமாக இருந்த மூலை, அலை திரும்பியதும் நல்ல இடமாகிவிடலாம்.

ஆனால் எந்தப் பக்கம் திருப்புவது என்று ஆண்டெனாவுக்குச் சொல்வது மனிதர் எழுதிய விதி. அதிகம் இழுக்கும் பக்கமே அது திரும்பினால் பாட்டிக்கு என்ன பயன்? அடுத்த தைப்பூசத்திலாவது முதலுதவிக் கூடாரத்துக்கும், காணாமல் போனவர்களைத் தேடும் இடத்துக்கும் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைக்கட்டும். காவடி வீடியோ பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.