பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

அந்தப் பையன் டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத் தூக்கினான். ஜூன் மாதச் சென்னையில் யாரும் கை சூட்டுக்காகக் கிளாஸைப் பிடிப்பதில்லை. என்னவென்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பாதான் சொன்னார்: “கட்டை விரலு மடங்க மாட்டேங்குதுங்க சார். சட்டைப் பட்டன்கூட அவங்கம்மாதான் போட்டு விடறாங்க.”

2022-ஆம் ஆண்டு. பையனுக்கு வயது 17. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். அவர்கள் மஞ்சள் பையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தது சிட்டி சிவில் கோர்ட் சம்மன். வாதி, மொபைல் கேம் போட்டிகளுக்கு அணி நடத்தும் ஒரு நிறுவனம். ஒப்பந்தக் காலம் முடியும் முன் பையன் அணியை விட்டு ஓடிவிட்டான், அதற்கு எட்டு லட்சம் ரூபாய் நஷ்டஈடு வேண்டும், வேறு எந்த அணிக்கும் அவன் ஆடக்கூடாது என்று தடையுத்தரவும் வேண்டும் என்பது பிராது. அதில் அவன் வயது 19 என்று அடித்திருந்தார்கள்.

எனக்கு அந்த விளையாட்டு அதுவரை தெரியாது. பப்ஜி மொபைலை மத்திய அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தது, 2021 ஜூலையில் அதுவே பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று வந்தது என்பதையெல்லாம் பையன்தான் எனக்குப் பாடம் எடுத்தான். நான்கு பேர் சேர்ந்தது ஓர் அணி. ஒரு மேட்ச் சுமார் அரை மணி நேரம். அணியின் பிள்ளைகளை ஒரே வீட்டில் தங்க வைத்துப் பயிற்சி கொடுப்பதற்குப் பூட்கேம்ப் என்று பெயர். இவர்களுக்கு ஓஎம்ஆர் பக்கம் ஒரு வாடகை வீடு. பகல் ஒரு மணிக்கு உட்கார்ந்தால் மற்ற அணிகளோடு பயிற்சி ஆட்டம், பிறகு அதன் பதிவைப் போட்டுப் பார்த்துத் திட்டு, மறுபடி ஆட்டம், நடுவே யூடியூபில் நேரலை. எழுந்திருக்கும்போது விடிகாலை மூன்றாகிவிடும். வாட்ஸ்அப் குழுவில் மேனேஜர் போட்ட ஒரு செய்தியை அச்செடுத்து ஆவணமாகத் தாக்கல் செய்தேன். “12.55 லாபி. லேட் 500.” 12.55-க்கு ஆட்டத்தின் காத்திருப்பு அறையான லாபிக்குள் இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் பிந்தினால் 500 ரூபாய் பிடித்தம் என்று அதற்கு அர்த்தம். மாதச் சம்பளம் 18,000.

கை எப்படிக் கெட்டது என்பதை டாக்டர் சீட்டு சொன்னது. கட்டை விரலின் அடியில் மணிக்கட்டோரமாக இரண்டு தசைநாண்கள் ஒரு குறுகிய உறைக்குள் போய் வருகின்றன. ஓய்வில்லாமல் விரலை ஆட்டிக்கொண்டே இருந்தால் அந்த உறை தடித்துவிடும், நாண் உள்ளே உரசும். டி குவர்வெய்ன் என்று அதற்குப் பெயர். தையல்காரர்களுக்கும் கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார்களுக்கும் வருவதுதான். சோதித்துப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். கட்டை விரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடி, மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கம் சாய்க்க வேண்டும். என் அறையில் அவன் அதைச் செய்துகாட்டினான். பாதிகூடச் சாயவில்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது. வலி தொடங்கியபோதே, விரல் அசையாதபடி பட்டை போட்டு ஆறு வாரம் ஓய்வு என்று டாக்டர் எழுதியிருந்தார். போட்டி முடியட்டும் என்றார் மேனேஜர். பையன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு, பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இன்னும் இரண்டு மாதம் ஆடினான்.

கையைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. தோற்ற இரவுகளில் நேரலையின் கீழே வந்து விழும் வசவுகளை அவன் உட்கார்ந்து படித்திருக்கிறான். தூக்கம் போய்விட்டது. ஆட்டத்துக்கு முன்னால் அம்மா போன் செய்யக் கூடாது, பையன் கவனம் கலையும் என்று வீட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். வீரர்களின் மனநலத்துக்கென்று ஒரு கவுன்சிலர் வாரம் ஒருமுறை வருவார். கை நடுங்குகிறது, ஆட்டம் என்றாலே பயமாக இருக்கிறது என்று அவரிடம் இவன் மனம்விட்டுச் சொன்னான். மறுநாள் அணிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. 2017-இன் மனநலச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. ஆனால் அந்தக் கவுன்சிலர் எந்தப் பதிவும் பெற்றவரல்ல, கோச்சுக்குத் தெரிந்தவர். சட்டம் அவரைத் தொடவே இல்லை. அந்த வாரம்தான் பையன் பையைத் தூக்கிக்கொண்டு கோயம்பேட்டில் பஸ் ஏறினான்.

வழக்கில் எங்கள் முதல் வாதம் மிகப் பழையது. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் நிற்கிறது. 2021 நவம்பரில் கையெழுத்துப் போட்டபோது பையனுக்கு 17 வயது 2 மாதம். பிறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் நீதிபதி எதிர்த்தரப்பு வழக்கறிஞரை நிமிர்ந்து பார்த்தார். இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. வெளியே வந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “அப்ப நாலு மாசச் சம்பள பாக்கியும் வைத்தியச் செலவும் அவங்கதான குடுக்கோணுங்க?”

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், பம்பாய் உயர் நீதிமன்றத்தின் 1949 தீர்ப்பு ஒன்று. ராஜ் ராணி என்ற சிறுமியைப் படத்தில் நடிக்க வைப்பதாக அவளுடைய தகப்பனாரோடு தயாரிப்பாளர் ஒப்பந்தம் போட்டார். பிறகு வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மைனரின் வாக்குறுதி சட்டப்படி பிரதிபலனே ஆகாது, ஆகவே அந்தப் பெண்ணும் வழக்குப் போட முடியாது, தகப்பனும் போட முடியாது என்று தீர்ப்பானது. மைனருக்கு நன்மை தரும் வேலை ஒப்பந்தத்தை இங்கிலாந்தில் செல்லும் என்று வைத்திருக்கிறார்கள், நம் சட்டத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. எங்கள் பையனின் ஒப்பந்தத்தில் மருத்துவச் செலவை நிறுவனம் ஏற்கும் என்று ஒரு வரி உண்டு. எட்டு லட்சத்திலிருந்து அவனைக் காப்பாற்ற நான் கிழித்த அதே தாளில்தான் அந்த வரியும் இருந்தது.

ஒப்பந்தம் போனால் போகட்டும், அவன் வேலை பார்த்தது உண்மைதானே என்று தொழிலாளர் சட்டத்தின் பக்கம் திரும்பினேன். 1973-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சில்வர் ஜூப்ளி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர்கள் தொழிலாளர்களா என்பது கேள்வி. வேறு கடைக்கும் தைக்கலாம், தினமும் வரவேண்டிய கட்டாயமில்லை என்றெல்லாம் கடைக்காரர் சொல்லியும், தைப்பதை ஏற்கவும் தள்ளவும் திருப்பித் தைக்கச் சொல்லவும் கடைக்கு உரிமை இருந்தது, மிஷினும் கடையுடையது என்பதால் அவர்கள் தொழிலாளர்களே என்றது நீதிமன்றம். இதை அப்பாவிடம் விளக்கியபோது எனக்கு முன்னால் அவர் முடித்துவிட்டார். “மிஷினு கம்பெனிதுங்க, கைதானுங்க நம்முளுது.” பையன் ஆடிய போனும் நிறுவனத்துடையது. வீடு அவர்களுடையது. நேரம் அவர்கள் குறித்தது, பிடித்தம் அவர்கள் போட்டது. அவன் சுதந்திரமான விளையாட்டு வீரன், ஊழியன் அல்ல என்ற அவர்களுடைய வாதம் இந்தத் தீர்ப்பின் முன் நிற்காது என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் தொழிலாளர் துறைக்கு மனு எழுத உட்கார்ந்தபோது அவனுடைய வயது மறுபடி குறுக்கே வந்தது. 1947-இன் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், இளம் வயதினரை மாலை ஏழு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நாளுக்கு ஏழு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. படித்ததும் மகிழ்ந்துபோனேன். பிறகு விளக்கப் பிரிவைப் புரட்டினேன். இளம் வயதினர் என்றால் 17 நிரம்பாதவர். இவன் அந்த வீட்டுக்குள் போகும்போது 17 நிரம்பி இரண்டு மாதம். குழந்தைத் தொழிலாளர் விதிகளைப் பார்த்தேன். பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் ஈடுபடும் குழந்தைக்கு நாளுக்கு ஐந்து மணி நேரம்தான், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது, வருமானத்தில் 20 சதவீதம் வங்கியில் அவன் பெயரில் வைப்பு, மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி என்று அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். அதெல்லாம் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. கையெழுத்துப் போட முடியாத அளவுக்கு அவன் சிறுவன், காப்பாற்றத் தேவையில்லாத அளவுக்குப் பெரியவன். மிஞ்சியது பெரியவர்களுக்கான நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்ற பொது விதி. அதை வைத்து மனு போட்டேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் இதே சட்டத்தைத் திருத்தி, கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று நம் அரசு செய்திருந்தது. மனு எழுதும்போது அது நினைவில் இருந்துகொண்டே இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு எழுந்து நடக்க ஒரு பிரிவு வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்பு சொன்ன ஒரு வாதத்தை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. கேமுக்கு அடிமையாதல் ஒரு நோய் என்று உலக சுகாதார நிறுவனமே வகைப்படுத்தி, அது 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, பையனுக்கு வந்திருப்பது அதுதான், அதற்கு நிறுவனம் எப்படிப் பொறுப்பாகும் என்றார்கள். அந்த வகைப்பாட்டை வரிவரியாக நீதிமன்றத்தில் படித்தேன். ஆட்டத்தின் மீது தன் கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட அதை முன்னால் வைப்பது, கேடு வந்தும் தொடர்வது. இவன் நிறுத்த விரும்பினான். ஐந்து நிமிடம் பிந்தினாலே 500 ரூபாய் பிடித்தார்கள். ஓய்வு எடு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், போட்டி முடியட்டும் என்றார்கள். அவனுடைய கட்டுப்பாடு போனது உண்மை, அது யார் கைக்குப் போனது என்பதுதான் கேள்வி என்றேன். நீதிபதி குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு தீர்ப்பில் ஏறவில்லை, ஏனென்றால் தீர்ப்பே வரவில்லை.

2022 ஜூலை 28 அன்று அரசு உத்தரவால் அந்த விளையாட்டு ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டது. எந்த விளையாட்டை வேறு அணிக்கு ஆடக்கூடாது என்று தடை கேட்டார்களோ அந்த விளையாட்டுக்கே எதிர்காலம் தெரியாமல் போயிற்று. வழக்கு நடத்தும் ஆர்வம் வாதிக்குக் குறைந்தது. அக்டோபரில் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சமரச மையத்தில் உட்கார்ந்தோம். வழக்கை வாபஸ் வாங்குகிறோம், சம்பள பாக்கி 72,000 ரூபாயைத் தருகிறோம், தொழிலாளர் துறை மனுவை நீங்கள் வாபஸ் வாங்குங்கள், ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார்கள். “பிரதிவாதியின் கை உபாதைக்கும் வாதி நிறுவனத்தில் அவர் பெற்ற பயிற்சிக்கும் தொடர்பில்லை.”

அப்பாவுக்கு ஊரில் வட்டிக் கடன். எங்கள் மனு விசாரணைக்கு வர எத்தனை வருடமாகும் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடச் சொன்னது நான்தான். பையனுக்கு அப்போது 18 நிரம்பி மூன்று வாரம். அவன் வாழ்க்கையில் சட்டப்படி செல்லும் முதல் கையெழுத்து அந்த வரியின் கீழ் விழுந்தது. பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் சொருகிக்கொண்டு எழுதினான். நேரம் பிடித்தது. சமரசர் அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வரிக்கு மாற்றாக ஏதாவது எழுதியிருக்க முடியுமா என்று தேடித் தேடிப் படித்திருக்கிறேன். பிரான்ஸ் 2016-லேயே சட்டம் செய்து, இந்த வீரர்களைச் சம்பள ஊழியர்களாக ஒப்பந்தம் செய்ய வழி வகுத்தது. 12 வயதுக்குட்பட்டோர் பணப் பரிசுள்ள போட்டியில் ஆடக்கூடாது, 16 வயதுக்குட்பட்டோரின் பரிசுப் பணம் அரசு வைப்பகத்தில் இருக்க வேண்டும் என்றது. சீனத்தின் ஊஸி, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தின் பெரும் நட்சத்திரம், நீரிழிவோடும் கை வலியோடும் 2020-இல் ஓய்வை அறிவித்தபோது வயது 23. அதே ஆட்டத்தில் தென் கொரியாவின் ஃபேக்கர் 2023 ஜூலையில் மணிக்கட்டு வலியால் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அவரில்லாமல் டி1 அணி அடுத்தடுத்துத் தோற்றது. தோற்றாலும் காத்திருந்தது. நவம்பரில் அவரோடு சோல் நகரில் உலகக் கோப்பையை எடுத்தது. அதைப் படித்த அன்று எங்கள் பையனின் ஆறு வாரத்தை நினைத்துக்கொண்டேன்.

இங்கேயும் நேரத்தை அளப்பது யாருக்கும் தெரியாத வித்தை அல்ல. 2023 மே மாதம் பிஜிஎம்ஐ திரும்பி வந்தபோது பெரியவர்களுக்கு நாளுக்கு ஆறு மணி நேரம், சிறுவர்களுக்கு மூன்று என்ற வரம்போடு வந்தது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை தமிழ்நாடு பூட்டுப் போட்டதை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த மத்திய ஆன்லைன் கேமிங் சட்டம் ஈ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக ஏற்று, பயிற்சி மையம், வழிகாட்டு நெறி என்று பேசுகிறது. ஆடுபவனின் வேலை நேரம் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பணம் வைத்து ஆடுபவனின் தூக்கத்தைக் காக்க முன்வந்த நாம், ஆடுவதையே வேலையாகக் கொண்டவனின் தூக்கத்தையும் காக்கலாம்.

சில மாதங்களுக்கு முன் பையன் போன் செய்தான். கை ஓரளவு சரியாகிவிட்டது, வண்டி ஓட்டுகிறான், ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. அவன் தெருவில் 16 வயதுப் பையன் ஒருவனை ஓர் அணி கூப்பிட்டிருக்கிறது. ஒப்பந்தத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். “கைக்குன்னு ஏதாச்சும் எழுதிக் குடுங்க சார்” என்றான்.

செல்லாத ஒப்பந்தம்தான், இருந்தாலும் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். நேரலையும் சேர்த்து நாளுக்கு ஆறு மணி நேரம். மணிக்குப் பத்து நிமிடம் போனைக் கீழே வைக்க வேண்டும். இரவு பத்துக்கு மேல் ஆட்டமில்லை. டாக்டர் ஓய்வு எழுதினால் சம்பளப் பிடித்தமும் இல்லை, பெஞ்சில் உட்கார வைப்பதும் இல்லை. மனநல ஆலோசகரைக் குடும்பம் தேர்ந்தெடுக்கும், அவரிடம் சொன்னது அணிக்குப் போகாது. ஒரு வாரம் கழித்துத் தாள் திரும்பி வந்தது. இரவு பத்து மணி வரியையும் ஆலோசகர் வரியையும் அடித்திருந்தார்கள். மற்ற மூன்றுக்கும் நேரே நிறுவனத்தின் முத்திரை இருந்தது. அடித்த இரண்டையும் கீழே மறுபடி எழுதித் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.